எழுதப்படாத விதிகள்: தொடக்ககாலப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் தெளிவின்மையும் குழுவிதிகளும் (1974–1979)

ஆய்வுச் சுருக்கம்

1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அச்சில் வந்த முதல் பாத்திரமேற்பு விளையாட்டாகக் கருதப்படுகிறது. அதன் விதிநூல்கள் தெளிவற்றவை என்ற குறை, அவை வெளிவந்த காலத்திலிருந்தே சொல்லப்பட்டு வருகிறது. அத்தெளிவின்மை ஆசிரியர்களின் எழுத்துத் திறன் குறைவால் மட்டும் நேர்ந்ததன்று. வாய்மொழியாகப் பயிலப்பட்ட ஒரு வழக்கம் அவ்வழக்கத்தை அறியாத வாசகரின் கைக்கு அச்சுநூலாகச் சென்றபோது உருவான தொலைவின் விளைவு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அத்தொலைவை நிரப்ப ஆட்டக்காரர்கள் வகுத்துக்கொண்ட குழுவிதிகள், அவை அடைந்த மூவகை முடிவுகள், வெளியீட்டு நிறுவனத்தின் நிலைப்பாட்டில் ஏற்பட்ட மாற்றம் ஆகியவை இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, குழுவிதி, நடுவர், போர் விளையாட்டு, வாய்மொழி மரபு, ஆர்வலர் இதழ்.

1. முன்னுரை

சதுரங்கத்தின் விதிகளை நன்கறிந்த இருவர் எந்த ஊரில் சந்தித்தாலும் உடனே ஆடத் தொடங்கலாம். காய்களின் நகர்வுகள் முழுமையாக வரையறுக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். பாத்திரமேற்பு விளையாட்டின் இயல்பு வேறு. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு கதைமாந்தரை ஏற்கிறார். நடுவர் சூழலை விவரிக்கிறார். மாந்தர் என்ன செய்ய முயல்கிறார் என்பதை ஆட்டக்காரர் சொல்கிறார். விளைவை நடுவரும் பகடையும் முடிவு செய்கின்றனர். ஆட்டக்காரர் எதையும் முயலலாம் என்பதால், எழக்கூடிய எல்லாச் சூழல்களுக்கும் முன்கூட்டியே விதி எழுத இயலாது. ஆகவே விதிநூல் சொல்லாத இடத்தில் குழுவினர் தமக்குள் ஒரு முடிவுக்கு வரவேண்டியுள்ளது. அம்முடிவு அடுத்தடுத்த ஆட்டங்களிலும் பின்பற்றப்படும்போது அக்குழுவின் விதியாகிறது. ஆங்கிலத்தில் ‘ஹவுஸ் ரூல்’ எனப்படும் இதனை இக்கட்டுரை ‘குழுவிதி’ எனச் சுட்டுகிறது.

எழுத இயலாததால் விடுபட்ட இடங்கள் ஒருபுறம் இருக்க, எழுதியிருக்கக்கூடிய இடங்களிலும் முதல் விதிநூல் மௌனம் காத்தது. அல்லது இருபொருள்படப் பேசியது. இவ்விடங்களில் தோன்றிய குழுவிதிகளே பின்னாளில் புதிய விளையாட்டுகளுக்கு வித்தாயின. எனவே தெளிவின்மையின் தோற்றத்தை ஆராய்வது இவ்விளையாட்டு வகையின் வரலாற்றை ஆராய்வதாகவும் அமைகிறது.

2. நடுவர் மரபின் பின்புலம்

விதிக்கும் நடுவருக்கும் இடையேயான அதிகாரப் பங்கீடு பாத்திரமேற்பு விளையாட்டுக்கு முன்பே விவாதிக்கப்பட்ட ஒன்று. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்பீல்’ என்னும் படைப்பயிற்சி விளையாட்டு, விரிவான அட்டவணைகளையும் பகடைகளையும் கொண்டிருந்தது. காலப்போக்கில் அவ்விதிகள் ஆட்டத்தின் வேகத்தைக் குறைப்பதாக அதிகாரிகள் கருதினர். 1876இல் வெர்டி து வெர்னுவா, அட்டவணைகளை விலக்கி, போர் அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே முதன்மையாகக் கொள்ளும் முறையை முன்வைத்தார். விதியின் துல்லியமா, நடுவரின் அறிவா என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

அமெரிக்கரான சார்லஸ் டாட்டன் 1880இல் வெளியிட்ட ‘ஸ்ட்ராடெகோஸ்’ என்னும் போர் விளையாட்டு நூல், ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் மினசோட்டாவின் இரட்டை நகரங்களில் இயங்கிய ஆர்வலர் குழுவுக்குப் பயன்பட்டது. அக்குழுவைச் சேர்ந்த டேவிட் வெஸ்லி, அந்நூலின் நடுவர் கோட்பாட்டைத் தழுவி 1969இல் ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற ஆட்டத்தை நடத்தினார். அதில் ஆட்டக்காரர்கள் படைகளுக்குப் பதிலாகத் தனிமனிதர்களை ஏற்றனர். அதில் பங்குகொண்ட டேவ் ஆர்னசன், 1971இல் ‘பிளாக்மூர்’ என்னும் கற்பனை உலகில் நெடுங்காலத் தொடராட்டம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய ஆட்டக்காரர்கள் விதிகளைப் படித்து ஆடவில்லை. நடுவரிடம் கேட்டு ஆடினர். விதிகள் ஆர்னசனின் குறிப்பேட்டிலும் நினைவிலும் இருந்தன, தேவைக்கேற்ப மாறின.

1972இன் இறுதியில் ஆர்னசன் விஸ்கான்சினின் லேக் ஜெனீவா நகருக்குச் சென்று கேரி கைகாக்ஸுக்கு இவ்வாட்டத்தை நடத்திக் காட்டினார். அதனை நூலாக்க விரும்பிய கைகாக்ஸுக்கு ஆர்னசனிடமிருந்து கிடைத்தவை சுமார் 20 பக்கக் குறிப்புகளே. அவற்றைக் கைகாக்ஸ் விரித்தெழுதினார்; தம் ஊர்க் குழுவினருடன் ஆடிப் பார்த்துத் திருத்தினார். அவ்வகையில் முதல் விதிநூல், நடைமுறையில் இருந்த ஒரு வாய்மொழி வழக்கத்தின் எழுத்துப் பதிவாகவே உருவெடுத்தது.

3. முதல் விதிநூலின் இடைவெளிகள்

கைகாக்ஸும் டான் கேயும் 1973இல் நிறுவிய ‘டாக்டிக்கல் ஸ்டடீஸ் ரூல்ஸ்’ (டி.எஸ்.ஆர்.) 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்விளையாட்டை வெளியிட்டது. ஒரு பெட்டியில் மூன்று குறுநூல்கள். மொத்தம் 112 பக்கங்கள். விலை 10 டாலர். முதற்பதிப்பு 1000 படிகள். இந்நூல்களின் தெளிவின்மையை மூன்று வகையாகப் பகுக்கலாம்.

3.1 பிற நூலைச் சார்ந்திருத்தல்

கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்னும் இடைக்காலச் சிற்றுருவப் போர் விளையாட்டின் விதிநூல் வாசகரிடம் இருக்கும் என்ற எண்ணத்துடனேயே முதல் விதிநூல் எழுதப்பட்டது. சண்டைக்குரிய விதிகளுக்கு அந்நூலையே சுட்டிவிட்டு, இருபது முகப் பகடையைப் பயன்படுத்தும் மற்றொரு முறையை ‘மாற்றுமுறை’ என்ற பெயரில் தந்தது. செயின்மெயிலைக் கண்டிராத வாசகருக்கு மாற்றுமுறையே ஒரே முறையாயிற்று. ஆனால் அம்முறை எதற்கு மாற்று, விடுபட்டவற்றை எங்கிருந்து பெறுவது என்பவை அவருக்கு விளங்கவில்லை.

3.2 மௌனம்

இரு தரப்பினர் மோதும்போது முதலில் தாக்குபவர் யார்? சண்டையை மையமாகக் கொண்ட ஒரு விளையாட்டில் தவிர்க்க இயலாத இவ்வினாவுக்கு மூன்று குறுநூல்களிலும் வெளிப்படையான விடை இல்லை. போர் விளையாட்டுப் பழக்கமுடையோர் தம் பழைய ஆட்டங்களின் முறையைக் கொண்டுவந்தனர். அப்பழக்கம் இல்லாதோர் தாமே ஒரு முறையை உருவாக்கினர்.

3.3 இருபொருள்

மந்திரவாதி ஒவ்வொரு படிநிலையிலும் எத்தனை மந்திரங்களைப் பயன்படுத்தலாம் என்பதற்கு ஓர் அட்டவணை தரப்பட்டிருந்தது. அவ்வெண், அவர் அறிந்திருக்கக்கூடிய மந்திரங்களின் எண்ணிக்கையா அல்லது ஒரு பயணத்தின்போது செலவிடக்கூடிய மந்திரங்களின் எண்ணிக்கையா என்பதில் வாசகர் மாறுபட்டனர். ஒருமுறை சொன்னவுடன் மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடும் என்ற கருத்தைக் கைகாக்ஸ், ஜாக் வான்ஸ் என்னும் புனைகதையாசிரியரின் படைப்புகளிலிருந்து எடுத்திருந்தார். அப்படைப்புகளை அறிந்தவருக்கு அட்டவணை தெளிவாக இருந்தது, அறியாதவருக்குப் புதிராயிற்று.

‘எல்ஃப்’ என்னும் இனத்து மாந்தர் பற்றிய விதியும் இத்தகையதே. அம்மாந்தர் போர்வீரராகவோ மந்திரவாதியாகவோ ஆடலாம். ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் இடையில் மாறிக்கொள்ளலாம் என்று விதி கூறியது. அவர் ஈட்டும் அனுபவப் புள்ளிகளையும் உயிர்ப் புள்ளிகளையும் கணக்கிடும் முறையை அது கூறவில்லை.

இம்மூவகை இடைவெளிகளையும் ஒருசேர நோக்கும்போது ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. செயின்மெயிலை ஆடியவருக்கு முதல் இடைவெளி பெரிதில்லை. கைகாக்ஸின் மேசையருகே அமர்ந்து ஆடியவருக்கு மற்ற இரண்டும் பெரிதில்லை. ஒரே வரி ஒருவருக்குத் தெளிவாகவும் மற்றொருவருக்குப் புதிராகவும் இருந்துள்ளது. எனவே தெளிவின்மையை நூலின் பண்பாக மட்டும் கொள்ள இயலாது. நூலுக்கும் வாசகருக்கும் இடைப்பட்ட தொலைவின் அளவாகவே அதனைக் கொள்ளவேண்டும்.

4. தொலைவும் புதிய வாசகரும்

முதற்பதிப்பின் 1000 படிகளும் ஏறத்தாழ ஓராண்டில் விற்றுத் தீர்ந்தன. நூலைப் பெற்றோர் நண்பர்களுக்கு ஆடிக் காட்டினர். அந்நண்பர்கள் வேறு ஊர்களில் குழுக்களைத் தொடங்கினர். கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் இவ்விளையாட்டை வரவேற்றோருள் அறிவியல் புனைகதை ஆர்வலர் பலர் இருந்தனர். கற்பனைக் கதைகள் அவர்களுக்குப் புதியவையல்ல. சிற்றுருவப் போர் விளையாட்டுகளின் எழுதப்படாத வழக்கங்களே புதியவை. விதிநூல் எந்த வாசகரை எண்ணி எழுதப்பட்டதோ அவரல்லர் இவர்கள்.

1975 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த லீ கோல்ட் ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்னும் ஆர்வலர் இதழைத் தொடங்கினார். பங்களிப்பாளர் ஒவ்வொருவரும் எழுதிய பக்கங்களை ஒன்றாகத் தொகுத்து அஞ்சலில் அனுப்பும் கூட்டுத் தொகுப்பிதழ் அது. பல ஊர்க் குழுக்கள் தம் விதிகளை அதில் முன்வைத்தன. பிறர் விதிகளை எடைபோட்டன. ஒரு குழு தன் ஆட்டமே இயல்பான ஆட்டம் என்று நம்பிக்கொண்டிருக்கும்வரை அதன் முறை குழுவிதியாகத் தோன்றாது. பிறர் வேறுவிதமாக ஆடுவதை அறியும்போதுதான் அது ‘நம் விதி’ என்ற அடையாளத்தைப் பெறுகிறது. அவ்வடையாளத்தை உருவாக்கியதில் இத்தகைய இதழ்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

5. குழுவிதிகள் அடைந்த மூவகை முடிவுகள்

முதலாவது, மூலநூலுக்குள் உள்வாங்கப்படுதல். இன்று இவ்விளையாட்டின் அடிப்படைப் பாத்திர வகைகளுள் ஒன்றாகத் திகழும் ‘திருடன்’ முதல் மூன்று குறுநூல்களில் இல்லை. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரில் ஒரு விளையாட்டுக் கடையில் கூடிய குழுவினர் உருவாக்கிய பாத்திர வகை அது. அதைப் பற்றித் தொலைபேசி வழி அறிந்த கைகாக்ஸ், தமக்கேற்ற வடிவில் எழுதி 1974இல் ஒரு செய்திமடலில் வெளியிட்டார். 1975இல் வந்த ‘கிரேஹாக்’ இணைப்புநூலில் அது இடம்பெற்றது. ஆயுதத்துக்கு ஆயுதம் மாறுபடும் சேத அளவும் அந்நூலிலேயே விதியாயிற்று. அதுவரை எந்த ஆயுதத்தின் தாக்குதலும் பொதுவாக ஒன்று முதல் ஆறு புள்ளிச் சேதத்தையே விளைவித்தது.

இரண்டாவது, தனி விளையாட்டாகப் பிரிதல். அரிசோனாவின் பீனிக்ஸ் நகர நூலகரான கென் செயிண்ட் ஆண்ட்ரே, மூன்று குறுநூல்களையும் படித்து, அவற்றின் குழப்பத்தால் நிறைவுறாமல், 1975இல் ‘டனல்ஸ் அண்ட் டிரோல்ஸ்’ என்னும் விளையாட்டைத் தாமே எழுதினார். அதில் வழக்கமான ஆறுமுகப் பகடைகளே போதும். மந்திரம் சொல்லும்போது மந்திரவாதியின் உடல்வலிமைப் புள்ளிகள் குறையும். ஆகவே ஒரு நாளில் எத்தனை மந்திரம் என்ற வினாவே அங்கு எழவில்லை. கால்டெக் எனப்படும் கலிபோர்னியத் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆட்டக்காரர்கள் ‘வார்லாக்’ என்ற பெயரில் தம் குழுவிதிகளை 1975இல் ஓர் இதழில் வெளியிட்டனர். அவர்களும் மந்திரத்தைப் புள்ளிக் கணக்காக்கினர். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் ஸ்டீவ் பெரின், சண்டைச் சுற்றின் வரிசைமுறையை ஒழுங்குபடுத்தி 1976இல் சுற்றுக்கு விட்ட குழுவிதிகள் ‘பெரின் கன்வென்ஷன்ஸ்’ என அறியப்பட்டன. பின்னர் அவர் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய ‘ரூன்குவெஸ்ட்’ 1978இல் வெளிவந்தது. பாத்திர வகைகளையும் படிநிலைகளையும் விலக்கி, திறன்களின் விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்ட அது, தான் கிளைத்த மரத்திலிருந்து வெகுதூரம் விலகியிருந்தது.

மூன்றாவது, மேசையளவில் நின்றுவிடுதல். பெரும்பாலான குழுவிதிகள் இவ்வகையின. அச்சேறாமையால் அவற்றுள் பெரும்பகுதி மறைந்தது. எனினும், அச்சேறிய இரு வகையும் இம்மூன்றாம் வகையிலிருந்து எழுந்தவை என்பதை மறக்கலாகாது.

இம்மூன்று முடிவுகளையும் வேறுபடுத்தியது விதியின் தரம் மட்டுமன்று. திருடன் மூலநூலை அடைந்தது அதன் செய்தி கைகாக்ஸை எட்டியதால். வார்லாக் தனித்து நின்றது அதை வெளியிட ஓர் இதழ் இருந்ததால். தொடர்பு வழிகளும் அச்சு வசதியும் எந்தக் குழுவின் முடிவு வரலாற்றில் நிலைக்கும் என்பதைத் தீர்மானித்தன.

6. நிறுவனத்தின் மறுமொழி

மூன்றாம் குறுநூலின் பின்னுரை, ஐயம் எழும் இடங்களில் குழுவினர் தம் விருப்பப்படி முடிவெடுத்து ஆடுவதே நல்லது என்று கூறியது. 1975 ஜூலையில் ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ இதழில் வெளிவந்த கைகாக்ஸின் கடிதமும் இதே நிலைப்பாட்டையே வலியுறுத்தியது. விளக்கங்கள் குழுவுக்குக் குழு வேறுபடுவதைத் தாம் விரும்புவதாகவும், தம் பொறுப்பில் உள்ளவரை ஒரேபடித்தாக்கும் போக்கை இயன்றவரை தவிர்க்கப்போவதாகவும் அவர் அதில் தெரிவித்திருந்தார்.

எனினும், ஐயங்களுக்கு விடையளிக்கவேண்டிய தேவை அதே ஆண்டில் நிறுவனத்துக்கு ஏற்பட்டது. அதன் ‘ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ’ இதழின் 1975 கோடைப் பதிப்பில், அடிக்கடி கேட்கப்படும் வினாக்களுக்குக் கைகாக்ஸ் விடையளித்தார். முதலில் தாக்குபவரைப் பகடை உருட்டி முடிவு செய்யலாம் என்பது அங்குதான் விளக்கப்பட்டது. 1976 ஏப்ரல் இதழில் மந்திர முறையின் அடிப்படையை அவர் தனிக்கட்டுரையாக எழுதினார்.

நிறுவனத்தின் விடைகளும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தவில்லை. 1977இல் தொடக்கநிலை ஆட்டக்காரருக்கென வெளிவந்த பதிப்பைத் தொகுத்தவர் எரிக் ஹோம்ஸ் என்னும் மருத்துவப் பேராசிரியர். வார்லாக் விதிகளின் துணையால் இவ்விளையாட்டைக் கற்றவர் அவர். அப்பதிப்பில், கைத்திறன் மிகுந்த மாந்தர் முதலில் தாக்குவார் என்பதே விதி. 1975இன் விடை பகடையை நம்பியது. 1977இன் விடை மாந்தரின் இயல்பை நம்பியது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் வெளியீடுகள்.

1977 முதல் 1979 வரை மூன்று தடித்த நூல்களாக வெளிவந்த ‘அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்நிலையை மாற்ற முனைந்தது. ஒரு குழுவின் ஆட்டக்காரர் வேறொரு குழுவில் தடையின்றி ஆடவும், போட்டிகளை ஒரே அளவுகோலில் நடத்தவும் பொதுவிதி தேவை என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. இவ்வாதத்தில் நியாயம் உண்டு. 1975 முதலே மாநாடுகளில் போட்டி ஆட்டங்கள் நடந்தன. குழுவுக்குக் குழு விதி மாறினால் வெற்றியை அளவிட இயலாது. ஓரிடத்தில் வளர்த்த மாந்தரை மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் ஆட்டக்காரர்களும் இச்சிக்கலைச் சந்தித்தனர்.

ஆனால் கைகாக்ஸின் தொனியில் ஏற்பட்ட மாற்றத்தை இத்தேவை ஒன்றால் மட்டும் விளக்க இயலாது. 1978 ஜூலையில் ‘தி டிராகன்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை மந்திரப் புள்ளி முறைகளையும், குழுவிதிகளை அச்சிட்டு விற்போரையும் கடுமையாகச் சாடியது. மூன்றாண்டுகளுக்கு முன் வரவேற்கப்பட்ட வேறுபாடு, சந்தையில் போட்டியாக வளர்ந்தபின் பிழையாகக் காட்டப்பட்டது. மேலும், புதிய நூல்கள் பழைய விளையாட்டின் திருத்தமல்ல, தனியொரு விளையாட்டு என நிறுவனம் வலியுறுத்தியது. அந்நூல்களுக்கான உரிமத்தொகை கோரி ஆர்னசன் 1979இல் தொடுத்த வழக்கு 1981இல் உடன்பாட்டில் முடிந்தது. விதிகளைத் தெளிவாக்கும் பணி, விதிகள் யாருக்குச் சொந்தம் என்ற வினாவிலிருந்து பிரிக்கமுடியாததாய் இருந்தது என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

ஒரேபடித்தாக்கும் முயற்சி தெளிவின்மையை ஒழித்ததா என்பது அடுத்த வினா. 1979இல் வெளிவந்த நடுவர் கையேட்டில் முதலில் தாக்கும் உரிமைக்குப் பல பத்திகள் ஒதுக்கப்பட்டன. ஒரு நிமிடச் சுற்று பத்துக் கூறுகளாகப் பகுக்கப்பட்டது. ஆயுதங்களின் வேகக் குறியீடும் மந்திரம் சொல்ல ஆகும் நேரமும் கணக்கில் சேர்க்கப்பட்டன. இவை ஒன்றோடொன்று இணையும் முறை எளிதில் விளங்காமையால் பல குழுக்கள் சிலவற்றை விலக்கி ஆடின. மௌனத்தால் எழுந்த குழப்பம் போய், மிகுதியால் எழுந்த குழப்பம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ‘தி டிராகன்’ இதழ் வாசகரின் விதி ஐயங்களுக்கு விடையளிக்கத் தனிப் பகுதியொன்றைத் தொடங்கியது. அந்நடுவர் கையேடே தன் இறுதியில், விதியின் எழுத்தைவிட ஆட்டத்தின் உட்பொருளே முதன்மையானது என்று அறிவுறுத்தி முடிகிறது. பொதுவிதியை நிலைநாட்ட எழுந்த நூலும் இறுதிச் சொல்லை நடுவரிடமே ஒப்படைத்தது.

7. முடிவுரை

தொடக்ககால விதிநூல்களின் தெளிவின்மையைப் படைப்பாற்றலைத் தூண்டத் திட்டமிட்ட உத்தியாகக் கொள்வது மிகைக்கூற்று. போதிய முதலீடின்றி, விரைந்து உருவாக்கப்பட்ட வெளியீட்டின் குறைகள் அவற்றில் உண்டு. அவை புதிய வாசகரைத் திணறடித்தன. மறுபுறம், அவற்றை வெறும் பிழைகளாகத் தள்ளுவதும் பொருந்தாது. நடுவரின் நினைவில் வாழ்ந்த வழக்கம் அச்சுக்கு வரும்போது, எழுதுபவருக்கு வெளிப்படையாகத் தோன்றுவன எல்லாம் எழுதப்படாமல் விடுபடுகின்றன. வாசகர் அவ்வழக்கத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளாரோ அவ்வளவுக்கு நூல் அவருக்குத் தெளிவற்றதாகிறது.

அத்தொலைவு மிகுந்திருந்த லாஸ் ஏஞ்சலிஸ், பீனிக்ஸ், விரிகுடாப் பகுதி ஆகியவற்றிலேயே துணிவான குழுவிதிகளும் அவற்றிலிருந்து புதிய விளையாட்டுகளும் தோன்றின என்பது இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. விடை சொல்ல ஆசிரியர் அருகில் இல்லாத இடத்தில் வாசகரே ஆசிரியராயினர். 1975இல் அவர்களை வரவேற்ற நிறுவனம் 1978இல் அவர்களைக் கடிந்துகொண்டது; எனினும் ஆட்டம் நடக்கும் மேசையில் இறுதி முடிவு குழுவினரிடமே இருந்தது. எனவே பாத்திரமேற்பு விளையாட்டின் வரலாற்றை வெளியான விதிநூல்களின் வரலாறாக மட்டும் எழுதுவது குறைபாடுடையது. அச்சேறாத குழுவிதிகளின் தடங்களை ஆர்வலர் இதழ்களிலும், கையெழுத்துக் குறிப்புகளிலும், பயன்படுத்திய படிகளின் ஓரக்குறிப்புகளிலும் தேடிச் சேர்க்கும்போதே அவ்வரலாறு நிறைவுபெறும்.